புள்ளிகளில் அடங்காத முழுமை

பங்குகளில் பணியாற்றுவோர் அனைவரும் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. "சாமி, முழு மனத்தோடு கிறிஸ்தவனாக வாழ முடியவில்லை. அரைகுறையாக வாழ்ந்து ஆண்டவரை ஏமாற்றுவதைவிட ஒதுங்கியிருப்பதே நேர்மை அல்லவா?" என்பதே அது. இப்படிக் கேட்பவர் ஓர் ஒப்பந்தக்காரராக இருக்கலாம். செய்து முடித்த வேலைக்குரிய பணத்தைப் பெறுவதற்கே அவர் மேசைக்கு மேசை பணம் வைக்க வேண்டியிருக்கிறது. அல்லது, பாகப்பிரிவினை வழக்கில் உடன்பிறந்த தம்பியை மன்னிக்க மனம் வராத அண்ணனாக இருக்கலாம். இவர்கள் விசுவாசத்தை இகழ்ந்து விலகியவர்கள் அல்லர். அதை மிக உயர்வாக மதிப்பதனாலேயே முதலில் நற்கருணைப் பந்தியை விட்டும், நாளடைவில் கோவிலை விட்டும் விலகிப்போகிறார்கள்.

இவர்களுக்கு நேரெதிரான இன்னொரு சாராரும் நம்மிடையே உளர். "யாரால்தான் முழுமையாக வாழ முடிகிறது? எல்லாம் ஓரளவுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு, எதை விட்டோம், எவ்வளவு விட்டோம் என்று எண்ணிப் பாராமலேயே நிம்மதியாக இருப்பவர்கள் இவர்கள். முன்னவர் பகுதியை ஒன்றுமில்லை என்று தள்ளுகிறார்; பின்னவர் பகுதியையே முழுமை என்று கொள்ளுகிறார். முழுமை நம் கைக்கு அடங்காதபோது அதற்கு உண்மையாக இருப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு இருவரிடமும் விடை இல்லை.

இக்கேள்வியைச் சிந்திக்க இம்முறை நாம் சற்றே எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போகிறோம். கோட்பாட்டு இயற்பியலார் ஐம்பது ஆண்டுகளாக இதே அமைப்புக் கொண்ட ஒரு கேள்வியோடு போராடி வருகின்றனர். அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் நமக்கும் பயன்படும் என்பது நம் துணிபு. கணிதக் குறியீடுகளைக் கண்டு வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. புள்ளி வைத்துக் கோலம் இடும் வாசலை நினைவில் கொண்டால் போதும்.

புள்ளி வைத்தவர் கென்னத் வில்சன்

நாம் வாழும் வெளியும் காலமும் இடைவெளியற்ற தொடர்ச்சி என்றே இயற்பியல் கருதி வந்துள்ளது. ஆனால் அணுக்கருவின் உள்ளே குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருக்கும் வலிய விசையைக் கணக்கிடப் புகுந்தபோது, அத்தொடர்ச்சி கணக்குக்குப் பிடிகொடுக்கவில்லை. எவ்வளவு சிறிய இடத்தை எடுத்தாலும் அதற்குள் எண்ணற்ற புள்ளிகள்; எண்ணற்றவற்றை எந்தக் கணிப்பொறியும் எண்ணி முடிக்காது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கென்னத் வில்சன் ஒரு வழி கண்டார். தொடர்வெளிக்குப் பதிலாக, சம இடைவெளியில் வைக்கப்பட்ட புள்ளிகளின் வரிசையை எடுத்துக்கொள்வது, அதில் கணக்கிடுவது, பின்பு புள்ளிகளுக்கிடையேயுள்ள இடைவெளியைக் குறைத்துக் குறைத்து, விடைகள் எதை நோக்கிச் செல்கின்றன என்று பார்ப்பது. இந்தப் புள்ளி வரிசையையே அணிக்கோவை என்கிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு. வெறுமையான தரையை எந்தக் கோணத்தில் திரும்பி நின்று பார்த்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். சதுரமாகப் புள்ளி வைத்த தரையோ, கால்வட்டம் கால்வட்டமாகத் திரும்பினால் மட்டுமே முன்போலத் தோன்றும். அதாவது, இயற்கைக்கு உரிய ஒரு சமச்சீர்மை புள்ளி வைத்த அந்தக் கணத்திலேயே முறிந்துவிடுகிறது.

வில்சன் இதை அறிந்தே செய்தார். அதே வேளையில் ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வலிய விசை எந்தச் சமச்சீர்மையிலிருந்து பிறக்கிறதோ, அந்த அடிப்படைச் சமச்சீர்மையை எள்ளளவும் சிதையாமல் காத்தார். பருப்பொருளைப் புள்ளிகளின்மேல் வைத்தார். விசையைப் புள்ளிகளை இணைக்கும் கோடுகளின்மேல் வைத்தார். இவ்வாறு வைத்ததால், இடைவெளி எவ்வளவு பெரிதாயினும் அச்சமச்சீர்மை துல்லியமாக நின்றது. முறிந்துபோன சுழற்சிச் சமச்சீர்மையோ, இடைவெளி குறையக் குறையத் தானாகவே திரும்பி வந்தது. எஞ்சியிருந்த கால்வட்டத் திருப்பங்களே பெரும் பிழைகள் உள்ளே நுழையாதபடி காவல் காக்கப் போதுமானவையாக இருந்தன. இம்முறையைப் பின்பற்றி 2008-ஆம் ஆண்டில் புரோட்டான் முதலிய துகள்களின் நிறைகளைச் சில விழுக்காட்டுத் துல்லியத்தில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

மூலையில் மிஞ்சும் சதுரம்

எல்லாச் சமச்சீர்மைகளும் இவ்வாறு தானாகத் திரும்பி வருவதில்லை. இயற்கையின் துகள்கள் இரு குலத்தவை. நம் நாட்டு அறிஞர் சத்யேந்திரநாத் போசின் பெயரால் அழைக்கப்படும் போசான்கள் ஒரு குலம். இத்தாலிய அறிஞர் பெர்மியின் பெயரால் அழைக்கப்படும் பெர்மியான்கள் மற்றொரு குலம். இவ்விரு குலங்களையும் ஒன்றோடொன்று மாற்றியமைக்கும் உயர்ந்த சமச்சீர்மை ஒன்றை 1971-இல் மாஸ்கோவில் கோல்ஃபாண்டும் லிக்ட்மானும், 1974-இல் மேற்கு ஐரோப்பாவில் யூலியஸ் வெஸ்சும் புரூனோ சுமினோவும் எழுதினார்கள். இதை மீச்சமச்சீர்மை என்பர்.

இதன் வியப்பான இயல்பு ஒன்று. போசானைப் பெர்மியானாக்கி, மீண்டும் போசானாக்கினால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருப்போம் என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. வெளியிலும் காலத்திலும் ஒரு நுண்ணிய நகர்வு நிகழ்ந்திருக்கும். ஆகவே இச்சமச்சீர்மை, வெளியின் மிகமிகச் சிறிய நகர்வோடு சேர்த்துத் தைக்கப்பட்டது. புள்ளி வைத்த தரையிலோ ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவத்தான் இயலும்; அதனினும் சிறிய நகர்வுக்கு அங்கே இடமே இல்லை.

இதன் விளைவை ஒரு தோட்டப் பாத்தியைக் கொண்டு விளக்கலாம். பத்து அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட பாத்தியின் பரப்பு 60 சதுர அடி. இரு பக்கமும் ஓர் அடி கூட்டினால் பரப்பு 77 ஆகிறது. அதாவது 17 கூடியிருக்கிறது. நீளத்தை ஒட்டிக் கூடியது 10, அகலத்தை ஒட்டிக் கூடியது 6, ஆக 16. மீதி ஒன்று எங்கே? மூலையில் ஒரு சிறிய சதுரமாக நிற்கிறது. ஓர் அடிக்குப் பதிலாகப் பத்தில் ஓர் அடி கூட்டினால், மொத்தம் கூடுவது 1.61, மூலைச் சதுரம் வெறும் 0.01. கூட்டும் அளவு குறையக் குறைய மூலைச் சதுரம் மறைந்துபோகும் என்பதே லைப்னிட்ஸ் வகுத்த நுண்கணித விதியின் அடிப்படை. மீச்சமச்சீர்மை இவ்விதியின்மேல் நிற்கிறது. புள்ளித் தரையில் மூலைச் சதுரம் ஒருபோதும் முற்றாக மறைவதில்லை. அணிக்கோவையின் இயல்பான ஒழுங்குகளைக் காத்துக்கொண்டே இவ்விதியையும் நிறைவேற்றும் முறை எதுவும் இருக்க முடியாது என்பதை 2008-இல் காட்டோ, சாகமோட்டோ, சோ என்னும் ஜப்பானிய அறிஞர்கள் நிறுவினார்கள்.

மூலைச் சதுரம் சிறிதுதானே, இடைவெளியைக் குறைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. மீச்சமச்சீர்மை என்னும் காவல் இல்லாதபோது, அது தடுத்து வைத்திருந்த வேண்டாத கூறுகள் கணக்கினுள் நுழைந்துவிடுகின்றன. ஒருமுறை நுழைந்த பின்பு, இடைவெளியைக் குறைத்தாலும் அவை தாமாக வெளியேறுவதில்லை.

இரு வழிகள்

இதற்கு முதலில் கண்ட வழி, வேண்டாத கூறுகளைக் கையால் திருத்துவது. வானொலிப் பெட்டியின் திருகைத் திருகி அலைவரிசையைப் பிடிப்பதுபோல, கணக்கிலுள்ள அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றி, முறிந்த சமச்சீர்மையை மீண்டும் பிடிக்க முயல்வது. மிக எளிய ஒரு கோட்பாட்டுக்கு ஒரே ஒரு திருகு போதும் என்று 1987-இல் இத்தாலியரான குர்ச்சியும் வெனெட்சியானோவும் காட்டினார்கள். அது நல்ல வழியே. ஆனால் சற்றுச் செழுமையான கோட்பாடுகளில் திருகுகள் பலவாகிவிடுகின்றன. ஒன்றைத் திருகினால் மற்றொன்று நெகிழ்கிறது; வேலைக்கு முடிவே இல்லை.

2003-ஆம் ஆண்டளவில் கப்லான், காட்ஸ், உன்சால் ஆகியோரும், அவர்களையொட்டி வேறு வழியில் கேட்டரால் முதலியோரும் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். "அனைத்தையும் எப்படிக் காப்பது?" என்று கேட்பதை விட்டு, "இந்த முறிந்த தரை எதை முழுமையாகத் தாங்கும்?" என்று கேட்டார்கள். நாற்பரிமாணக் கோட்பாடுகளுள் மிகச் செழுமையான ஒன்றில் மீச்சமச்சீர்மை மாற்றங்கள் பதினாறு. அவற்றைப் புதிய முறையில் சேர்த்தமைத்துப் பார்த்தபோது, இருமுறை செய்தால் எந்த நகர்வையும் உண்டாக்காத மாற்றம் ஒன்று கிடைத்தது. நகர்வே தேவைப்படாததால், நகர முடியாத புள்ளித் தரையிலும் அது சிதையாமல் நின்றது. அந்த ஒன்றைத் துல்லியமாகக் காத்தார்கள். மற்றப் பதினைந்தையும் விட்டார்கள். கைவிட்டதாக எண்ணி விடவில்லை; திரும்பி வரும் என்னும் எதிர்பார்ப்போடு விட்டார்கள். காக்கப்பட்ட அந்த ஒன்றும், அதனோடு எஞ்சிய ஒழுங்குகளும் காவல் நிற்பதால், கையால் திருத்த வேண்டிய திருகுகள் மிகச் சிலவாகக் குறைந்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மீச்சமச்சீர்மை இயற்கையில் உண்மையாகவே உள்ளதா என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஜெனீவா அருகேயுள்ள பெரும் துகள் முடுக்கியில் 2012-ஆம் ஆண்டு ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டது. மீச்சமச்சீர்மை முன்னுரைத்த துகள் ஒன்றேனும் இதுவரை அங்கே தென்படவில்லை. ஆயினும் வலிய விசையின் உள்ளியல்பையும், ஈர்ப்பு விசையோடு அதற்குள்ள மறைவான உறவையும் ஆராய அக்கோட்பாடுகள் துணைபுரிவதால் இவ்வுழைப்பு தொடர்கிறது.

ஒப்புமைக்கு ஓர் எல்லை

இயற்பியலிலிருந்து மறையுண்மைகளை நிறுவ நாம் புறப்படவில்லை. படைக்கப்பட்ட பொருள்களுக்கு அவற்றுக்கே உரிய விதிகள் உண்டு என்றும், அவற்றை அந்தந்த அறிவியலின் முறைப்படியே அறிய வேண்டும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைக் கண்டாலும் அதனினும் பெரிய வேற்றுமையையும் காண வேண்டும் என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் எச்சரித்தது. அணிக்கோவை மனித மனம் ஆகாது. மனச்சான்று கணிப்பொறி ஆகாது. எனினும், முழுமையை நேசிக்கும் ஒருவர் முறிந்த தரையில் நின்று பணிபுரிகையில் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதில் நாம் கற்றுக்கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, பகுதி பொய்யன்று. பகுதியை முழுமை என்று சொல்வதே பொய். அணிக்கோவையில் கணக்கிடும் அறிஞர், தம் கட்டுரையிலேயே எந்தச் சமச்சீர்மை முறிந்தது, அதனால் வரும் பிழை எவ்வளவு என்று எழுதிவைக்கிறார். விட்டதை விட்டதாகச் சொல்வதால் அவர் கணக்கு நம்பத்தக்கதாகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் திருச்சபை நம்மிடம் கேட்பதும் முதலில் இதையே. குறையற்றவராக வந்து நிற்கும்படி அது எவரையும் கேட்பதில்லை. குறையைக் குறையென்று பெயர் சொல்லும்படி கேட்கிறது. "ஓரளவுக்குத்தான்" என்று சொல்லி நிம்மதி கொள்பவர் தவறுவது இந்த இடத்தில்தான். அவர் தம் மூலைச் சதுரத்தை அளப்பதே இல்லை.

இரண்டாவது, எதைச் சிதையாமல் காப்பது என்னும் தெளிவு. புதினாவிலும் சோம்பிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கு செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் நம்பிக்கையையும் விட்டுவிட்ட மறைநூல் அறிஞரை ஆண்டவர் கண்டித்ததை மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். சிறியவற்றை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. பெரியவற்றை விட்டுவிடாமல் சிறியவற்றையும் செய்யச் சொன்னார். கடமைகளுக்குள் வரிசை உண்டு. அவ்வரிசையை அறியாமல் எல்லாத் திருகுகளையும் ஒரே நேரத்தில் திருகிக்கொண்டிருக்கும் நல்ல ஆன்மாக்களை நாம் அறிவோம். செபமாலையில் ஒரு மணி தவறியதற்கும், அயலாரைப் பழித்ததற்கும் ஒரே அளவு கலங்கி, இரவெல்லாம் உறங்காதவர்கள் அவர்கள். அமைதியின்மையைப் பக்தி என்று அவர்கள் மயங்குகிறார்கள்.

அவ்வாறாயின் எந்த நிலையிலும் சிதையாமல் காக்கத்தக்கது எது? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1993-இல் அறநெறியின் அடிப்படைகள் பற்றி எழுதிய சுற்றுமடலில் திருச்சபையின் பழைய போதனை ஒன்றை எடுத்துரைக்கிறார். நன்மை செய்வதிலிருந்து சூழ்நிலை மனிதனைத் தடுத்துவிடக் கூடும். ஆனால் தீமையைச் செய்யாதிருப்பதிலிருந்து எந்தச் சூழ்நிலையும், சாவு அச்சுறுத்தலும்கூட, அவனைத் தடுக்க முடியாது. ஆகவே "செய்" என்னும் கட்டளைகளுக்கு மேல்எல்லை இல்லை. "செய்யாதே" என்னும் கட்டளைகளுக்கு விதிவிலக்கு இல்லை. இருமுறை செய்தாலும் நகர்வைக் கேட்காத அந்த ஒற்றை மாற்றத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பொய் சொல்லாதிருக்கப் பணம் வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை, உடல் நலமும் வேண்டியதில்லை.

சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனை எண்ணிப்பார்ப்போம். கைகால்கள் அறையப்பட்டிருந்தன. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவோ, ஏழைக்கு உதவவோ, ஓய்வுநாளை அனுசரிக்கவோ அவனுக்கு வழியில்லை; காலமும் இல்லை. அந்நிலையிலும் அவனால் முழுமையாகச் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்னான். குற்றமற்றவரைப் பழிக்க மறுத்தான். அவர் பக்கம் திரும்பினான். மற்ற அனைத்தும் அவனுக்குக் கொடையாக வந்தன.

மூன்றாவது, இடைவெளி குறைய வேண்டும். ஒரே அணிக்கோவையில் கணக்கிட்டு அதோடு நின்றுவிடுபவர் தொடர்வெளியைப் பற்றி எதுவும் சொல்லத் தகுதி பெறுவதில்லை. அடுத்து இன்னும் நெருக்கமாகப் புள்ளி வைத்து, மீண்டும் கணக்கிட்டு, விடை எத்திசையில் செல்கிறது என்று காட்ட வேண்டும். அதே திருத்தந்தை 1981-இல் கிறிஸ்தவக் குடும்பம் பற்றி வெளியிட்ட அறிவுரை மடலில், படிப்படியாக வளரும் சட்டத்துக்கும், ஆளுக்கு ஆள் சட்டத்தையே படிப்படியாகக் குறைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை வலியுறுத்தினார். இலக்கு அனைவருக்கும் ஒன்றே. அதை நோக்கிய நடை ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ஆனால் நடை இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளாக ஒரே புள்ளி இடைவெளியில் நின்றுகொண்டு "நான் படிப்படியாக வளர்கிறேன்" என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஒதுங்கி நிற்பவர்களுக்கு

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட ஒப்பந்தக்காரருக்கு இதன் பொருள் என்ன? தமக்கு நியாயமாக வரவேண்டியதைப் பெறுவதற்காகப் பணம் பிடுங்கப்படுகிறவருக்கும், தமக்கு உரிமையற்றதைப் பெறுவதற்காகக் கையூட்டு கொடுப்பவருக்கும் அறநெறி இறையியல் வேறுபாடு காண்கிறது. தாம் எவ்விடத்தில் நிற்கிறார் என்பதை அவர் முதலில் ஒளிவுமறைவின்றிக் கண்டுகொள்ளட்டும். கொடுப்பதை "வழக்கம்" என்றும் "அன்பளிப்பு" என்றும் பெயர் மாற்றாதிருக்கட்டும். கொடுத்ததை ஈடுகட்டச் சிமெண்டில் கைவைக்காமல், கூலியாள்களின் ஊதியத்தில் பிடிக்காமல், பொய் அளவு எழுதாமல் இருப்பது அவரால் இன்றே, முழுமையாக இயலும். அதில் மூலைச் சதுரத்துக்கு இடமில்லை. அங்கே நின்றுகொண்டு, அடுத்த ஆண்டில் ஒரு மேசையிலாவது "தரமாட்டேன்" என்று சொல்லும் வலிமைக்காக அவர் மன்றாடட்டும். தம்மையொத்த பிறரோடு சேர்ந்து அதைச் சொல்லவும் முயலட்டும்.

தம்பியை மன்னிக்க மனம் வராத அண்ணன், மன்னிப்பு முழுதாக ஊறிவரும்வரை காத்திருந்து பின்பு கோவிலுக்கு வரலாம் என்று எண்ண வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் தம்பிக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருப்பது இன்றே இயலும். அவர் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதிருப்பதும் இயலும். அடுத்த படியாக, உறவினர் வீட்டுத் துக்கத்தில் எதிர்ப்படும்போது முகம் திருப்பிக்கொள்ளாதிருக்கலாம். பகை ஆறாத நிலையில் நற்கருணை பெறுவது பற்றித் தம் குருவோடு மனம் திறந்து பேசட்டும். ஆனால் திருப்பலியை விட்டு அவர் ஒதுங்க வேண்டியதில்லை. ஒதுங்கினால் எஞ்சியிருக்கும் காவலும் போய்விடும். காவல் போன இடத்தில் வேண்டாதவை நுழையும் என்பதையும், நுழைந்தவை தாமாக வெளியேறுவதில்லை என்பதையும் கண்டோம்.

இறுதியாக, ஒப்புமை முடிந்து வேற்றுமை தொடங்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கர்தினால் கூசா நிக்கோலாஸ், 1440-இல் முடித்த "கற்றறிந்த அறியாமை" என்னும் நூலில், வட்டத்தினுள் வரையப்பட்ட பல்கோணத்துக்கு நம் அறிவை ஒப்பிட்டார். பக்கங்களைப் பெருக்கப் பெருக்கப் பல்கோணம் வட்டத்தை நெருங்குகிறது. எனினும் எத்தனை பக்கங்களைச் சேர்த்தாலும் அது தன் ஆற்றலால் வட்டமாகிவிடுவதில்லை. இயற்பியலார் தம் கணக்கின் விதிகளை நம்பி, விட்ட பதினைந்தும் திரும்பும் என்று எதிர்பார்க்கிறார்கள். நாமோ எந்தக் கணக்கையும் நம்பி எதிர்பார்க்கவில்லை. நம்மில் நற்செயலைத் தொடங்கியவர் அதை நிறைவு செய்வார் என்று தூய பவுல் பிலிப்பியருக்குச் சொன்ன உறுதியே நம் எதிர்பார்ப்புக்கு அடித்தளம். புள்ளி வைப்பது நம் பணி. வைத்த புள்ளிகளை நெருக்கமாக்குவதும் நம் பணி. முழுமை அவரிடமிருந்து வருகிறது.

ஆகவே, முழுமையாக இயலவில்லை என்று ஒதுங்கி நிற்கும் சகோதரரே, சகோதரியே, உங்களால் முழுமையாக இயலும் அந்த ஒன்று எது என்று இன்றிரவு ஆண்டவர் திருமுன் கேட்டுப் பாருங்கள். அது சிறிதாக இருக்கலாம். அதைச் சிதையாமல் பற்றிக்கொண்டு, வரும் ஞாயிறன்று கோவிலுக்கு வாருங்கள்.